அனலைதீவில் இறங்கிப்போன பணிஸ்

போன லேஞ்சி திரும்பி வரவில்லை.

படகின் நடுவில், இஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில், அடுத்தவரின் கலியாண மோதிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். என்னுடைய லேஞ்சி, அதாவது கைக்குட்டை, சனத்தின் கைகளில் ஊர்வலம் போயிருந்தது. ஒருவர் அதை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். இன்னொருவர் கரையை நகத்தால் சுரண்டினார். ஒரு பெரியவர் மணந்து பார்த்துவிட்டு, "சவுக்கார மணம்தான்" என்று தீர்ப்புச் சொன்னார். ஒரு தாய் தன் குழந்தையின் மூக்கை அதால் துடைத்துவிட்டு அடுத்தவரிடம் நீட்டினாள். அதையும் சோதனையின் ஒரு பகுதியாகவே எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

"வடிவாப் பாருங்கோ. சாதாரண லேஞ்சி. ஒரு ஒளிப்புமறைப்பும் இல்லை" என்றேன் நான்.

அதை நான் சொல்லியிருக்கக்கூடாது. எங்கள் தீவுப் பகுதிச் சனத்திடம் பாருங்கோ என்றால் பார்ப்பார்கள். அலுக்கும்வரை பார்ப்பார்கள், அவர்களுக்கு அலுக்காது.

ஊர்காவற்றுறையிலிருந்து புறப்பட்ட படகு அது. அன்று முதலில் அனலைதீவைத் தொட்டுவிட்டு எழுவைதீவுக்குப் போவதாக இருந்தது. எழுவைதீவில் பின்னேரம் யேசுதாசன் அண்ணையின் மகளுக்குக் கலியாணம். அவருக்கு மருமகனாக வரப்போகிறவரின் விரலில் ஏறவேண்டிய மோதிரம்தான் என் கையில் இருந்தது.

அது என் கைக்கு எப்படி வந்தது என்று சொல்வதற்குக் கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும்.

நல்ல சாமான், ரீச்சர்

கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தபோது ஆளுக்கொன்று பழகினார்கள். என் தங்கை கேக் போடப் பழகினாள். என் கணவர் பகலிலும் நித்திரைகொள்ளப் பழகினார். நான் வேலணையில் எங்கள் வீட்டு அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் இருந்து, கைபேசியைப் பார்த்துப் பார்த்து, மாயம் பழகினேன்.

ஆளைப் பெட்டிக்குள் வைத்து அறுக்கிற மாயம் அல்ல. ஒரு முழத் தூரத்தில் இருக்கிறவரின் கண்ணுக்கு முன்னால், கைக்குள் அடங்குகிற பொருளை வைத்துச் செய்கிற மாயம். சுட்டுவிரலில் கிடந்த றப்பர் வளையம் சின்னவிரலுக்குத் தாவும். ரூபாய் நாணயக் குத்தி லேஞ்சியைத் துளைத்துக்கொண்டு கீழே விழும், லேஞ்சியில் ஓட்டை இருக்காது. பார்க்கிறவரின் கண்ணே அவருக்குப் பொய் சொல்லவேண்டும். அதுதான் இந்தக் கலையின் அழகு.

முதலில் கொழும்பிலிருந்து ஒரு மாயப்பெட்டி எடுப்பித்தேன். பளபளக்கிற குழாய், பிளாஸ்ரிக் முட்டை, நிறம் மாறும் பட்டுத்துணி எல்லாம் அதில் இருந்தன. விரல் நோகப் பழகி, ஆசிரியர்களுக்கு முன்னால் செய்து காட்டினேன். அதிபர் கைகட்டிக்கொண்டு கடைசிவரை பார்த்தார்.

"நல்ல சாமான் ரீச்சர். எங்க வாங்கினனீங்கள்?" என்றார்.

விரல் நொந்தது எனக்கு. பாராட்டு போனது கடைக்காரனுக்கு. அன்றைக்கே பெட்டியைக் கட்டி அலுமாரிக்கு மேல் போட்டேன். இனி என் மாயத்தில் குசினியிலோ சங்கக்கடையிலோ கிடைக்காத பொருள் எதுவும் இருக்காது, எல்லாவற்றையும் முன்னும் பின்னும் சோதித்துப் பார்க்கக் கொடுப்பேன் என்று சபதம் எடுத்தேன்.

நல்ல சபதம்தான். சோதிக்கப்போகிற சனத்தைப் பற்றித்தான் நான் யோசிக்கவில்லை.

வேலணை பஸ்ஸில் ஒருமுறை நெருப்புப்பெட்டியைச் சோதிக்கக் கொடுத்தேன். அது பின் சீற் வரைக்கும் போய்த் திரும்பி வந்தபோது உள்ளே ஒரு குச்சியும் இல்லை. "சோதிச்சனாங்கள் ரீச்சர், எல்லாம் வடிவாப் பத்துது" என்றார்கள். தேசிக்காயைக் கொடுத்தால் வெட்டிப் பிழிந்து பார்த்தார்கள். நூலைக் கொடுத்தால் கடற்தொழில் செய்கிறவர்கள் முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்த்துவிட்டு, "உது வலைக்குக் காணாது" என்று திருப்பித் தந்தார்கள்.

இவ்வளவு சோதனைக்கும் பிறகு யாராவது வாயைப் பிளந்தார்களா? அதுதான் இல்லை. "ஏதோ சுத்துமாத்து" என்பார்கள். அதோடு சரி, கதை வேறு பக்கம் போய்விடும்.

யாராவது ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு தடவை, தன்னை மறந்து "ஐயோ!" என்று கத்தவேண்டும். அதைக் காதால் கேட்கவேண்டும் என்பதுதான் என் ஆசை. கணிதம் படிப்பிக்கிற, நரை விழுந்த ஒருத்திக்கு இருக்கக்கூடாத ஆசை என்று என் கணவர் சொன்னார். அவருக்கென்ன, நித்திரை ஒன்று போதும்.

கழலாத மோதிரங்கள்

எழுவைதீவுப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கிடைத்த பிறகு பள்ளிக்கூட நாட்களில் எல்லாம் படகுப் பயணம் ஆயிற்று. படகில் வருகிறவர்கள் சிக்னல் போகும்வரை கைபேசியைப் பார்ப்பார்கள். அது போனதும் கடலைப் பார்ப்பார்கள். கடலும் அலுத்தால் என்னைப் பார்ப்பார்கள்.

அவர்களில் முதன்மையானவர் பிலோமினா அக்கா. எழுவைதீவில் கருவாடு போட்டு ஊர்காவற்றுறைக்குக் கொண்டுவந்து விற்கிறவர். வாங்க வருகிறவர்கள் அவருடைய கருவாட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள். அந்தக் கோபத்தை எல்லாம் அவர் என் சாமான்களில் தீர்த்துக்கொண்டார் என்பது என் அபிப்பிராயம்.

அன்று சனிக்கிழமை. மணப்பெண் என்னோடு படிப்பிக்கிற பிள்ளை என்பதால் நானும் கலியாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். பட்டுச்சீலை, கொண்டைக்குப் பூ, மடியில் ஒரு பை பணிஸ். பணிஸ் என்பது எங்கள் பேக்கரிகளில் போடுகிற, உள்ளங்கை அளவான இனிப்புப் பாண். கலியாணத்துக்குப் பணிஸ் கொண்டுபோகிறவள் எப்படிப்பட்டவள் என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. அது பரிசு அல்ல. கலியாண வீட்டில் செய்து காட்டுவதற்காக நான் பழகி வைத்திருந்த புது மாயம்.

இரவல் வாங்கிய மோதிரம் லேஞ்சிக்குள் மறையும். பிறகு பையிலிருந்து ஒரு பணிசை எடுத்துப் பிய்த்தால் மோதிரம் உள்ளே இருக்கும். அது எப்படி அங்கே போகிறது என்பதை மட்டும் இந்தக் கதையில் எதிர்பார்க்கவேண்டாம். என் சொந்தக் கணவருக்கே நான் அதைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

பிலோமினா அக்காவின் கண்ணில் பை பட்டுவிட்டது.

"என்ன ரீச்சர், இண்டைக்குப் பணிசோ?"

"ஓம் அக்கா. ஆராவது ஒரு மோதிரம் தந்தா இப்பவே செய்து காட்டுவன்."

"உங்கட மோதிரத்தில செய்தா நாங்கள் நம்பமாட்டம். பொறுங்கோ, என்ரயைத் தாறன்."

அவர் தன் மோதிரத்தைக் கழற்றப் பார்த்தார். அது அசையவில்லை. பக்கத்தில் இருந்தவர் தன்னுடையதை முறுக்கினார். அதுவும் வரவில்லை. கலியாணத்தன்று ஏறிய மோதிரங்கள் அங்கேயே நிற்க, விரல்கள் மட்டும் வளர்ந்திருந்தன. யாரோ தேங்காயெண்ணெய் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

அப்போதுதான் யேசுதாசன் அண்ணை சட்டைப் பையைத் தொட்டார். ஊர்காவற்றுறையில் ஏறியதிலிருந்தே அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் வந்தார். நகை செய்கிறவர் இன்று நாளை என்று இழுத்தடித்து, அன்று காலையில்தான் மோதிரங்களைக் கொடுத்திருந்தார். அண்ணை சின்னச் சிவப்புப் பெட்டியை எடுத்துத் திறந்தார். காட்டவேண்டும் என்ற ஆசை அவருக்கு முகம் முழுக்க இருந்தது.

"மாப்பிள்ளைத் தம்பின்ர மோதிரம். இதில செய்யுங்கோ ரீச்சர்."

"ஐயோ அண்ணை, கலியாண மோதிரமெல்லோ!"

"அதுக்கென்ன? நீங்கள் எடுத்துத் தருவியள்தானே."

சத்தியமாகச் சொல்கிறேன், நான் மாயம் பழகிய நாளிலிருந்து என்னிடம் இப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நெஞ்சு நிறைந்த நேரத்தில் மூளை வேலை செய்வதில்லை. வாங்கிவிட்டேன்.

கைக்குக் கை

லேஞ்சி ஒருவழியாகத் திரும்பி வந்தது, கொஞ்சம் ஈரமாக. மோதிரத்தை அதற்குள் வைத்து மூடி, மோதிரம் உள்ளே இருக்கிறதா என்று எல்லோரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அதிலும் நேரம் போயிற்று. பிறகு ஊதி, உதறினேன்.

மோதிரம் இல்லை.

பிலோமினா அக்கா பாய்ந்து என் இரண்டு கைகளையும் பிடித்தார். விரல் இடுக்குகளைப் பார்த்தார். சீலைத் தலைப்பை உதறினார். கொண்டைப் பூவுக்குள் விரலை விட்டுத் துழாவினார். நான் இராணியைப் போல நிமிர்ந்து நின்றேன். மோதிரம் போகவேண்டிய இடத்துக்கு எப்போதோ போய்விட்டிருந்தது. பணிஸ் பை என் இருக்கையில் நல்ல பிள்ளையாக இருந்தது.

நடுக்கடலில் முடிந்திருக்கவேண்டிய மாயம் இது. லேஞ்சியை அவ்வளவு நேரம் சோதித்ததால் எல்லாமே பிந்திவிட்டது. அக்கா என் கொண்டைக்குள் கைவிட்டிருந்த அந்த நேரத்தில் படகு அனலைதீவு இறங்குதுறையில் முட்டியது.

எங்கள் படகுகளில் ஒரு முறை இருக்கிறது. துறையில் கட்டியதும் சாமான்கள் கைக்குக் கை போகும். அரிசி, முட்டை, மருந்து, யாரோ யாருக்கோ திருத்தக் கொடுத்த கைபேசி, எதுவானாலும் உள்ளே இருக்கிறவர் எடுத்து முன்னால் நிற்பவரிடம் கொடுப்பார். அவர் அடுத்தவரிடம் கொடுப்பார். கடைசியில் கயிறு பிடிக்கிற செல்வராசா அண்ணை மேலே ஏற்றிவிடுவார். யாருடையது, என்னது என்று யாரும் கேட்பதில்லை. கைக்கு வந்ததை முன்னுக்குக் கொடுக்கவேண்டும், அவ்வளவுதான். ஒரு லேஞ்சிக்கு அத்தனை விசாரணை வைத்த அதே சனம், சாமான் என்று வந்துவிட்டால் வாயே திறக்காது.

"சரி" என்று நான் வெறுங்கையை எல்லோருக்கும் விரித்துக் காட்டினேன். "இப்ப இந்தப் பையில இருந்து ஒரு பணிஸ் எடுக்கப்போறன்."

திரும்பினேன். இருக்கையில் பை இல்லை.

இறங்குதுறைக்கு மேலே ஒரு மோட்டார்சைக்கிளில் பேக்கரிப் பைகளைக் குவித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அனலைதீவுத் தேத்தண்ணிக்கடைக்கு நாள்தோறும் போகிற பணிஸ். எல்லாம் ஒரே பேக்கரி, ஒரே பை. நான் வாயைத் திறந்தபோது மோட்டார்சைக்கிள் வெளிக்கிட்டுவிட்டது. எங்கள் படகும் துறையை விட்டு விலகிவிட்டது.

மிளகாய்த்தூளுக்குள் தோடு

இந்த இடத்தில் ஒரு பழைய கதை சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது.

இடம்பெயர்ந்து அலைந்த காலத்தில் எங்கள் பக்கத்துப் பெண்கள் நகையைச் சாப்பாட்டுக்குள்தான் ஒளித்தார்கள். என் அம்மா தோட்டை மிளகாய்த்தூள் போத்தலுக்குள் போட்டார். பெரியம்மா சங்கிலியைப் புட்டுக்குள் வைத்துக் கட்டினார். வழியில் பசி தாங்காமல் பெரியப்பா அந்தப் புட்டைத் தின்னத் தொடங்க, பெரியம்மா பக்கத்தில் இருந்து அவருடைய ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாராம். மனுசி இவ்வளவு அன்பாகப் பார்க்கிறாளே என்று பெரியப்பா உருகிப்போனாராம். அம்மா ஊர் திரும்பித் தோட்டைக் கழுவிப் போட்ட அன்று காது எரிந்து அழுதது எனக்கு நல்ல ஞாபகம்.

ஆகவே எங்கள் சனத்துக்குத் தின்கிற பொருளுக்குள் பொன் இருப்பது ஒரு புதினமே இல்லை. அந்த மாயத்தைத் தெரிவுசெய்தபோதே எனக்கு இது உறைத்திருக்கவேண்டும்.

அண்ணை சிரித்துக்கொண்டு வந்தார்

"ரீச்சர், மோதிரம் எங்க?" பிலோமினா அக்கா விடவில்லை.

நான் பதில் தேடுவதற்குள் யேசுதாசன் அண்ணை முந்திக்கொண்டார்.

"கேக்காதேங்கோ அக்கா. ரீச்சர் அதை இஞ்ச எடுக்கமாட்டா. கோயில்ல வைச்சு, எல்லாச் சனத்துக்கும் முன்னால எடுப்பா. அப்பிடித்தானே ரீச்சர்?"

அண்ணை, மோதிரம் அனலைதீவில் இறங்கிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அவருடைய முகத்தைப் பார்த்தேன். பெட்டியைச் சட்டைப் பைக்குள் வைத்து, மேலால் தட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். பயம் என்ற ஒன்று அந்த முகத்தில் மருந்துக்கும் இல்லை.

"ஓம் அண்ணை" என்றேன்.

நம்பாத சனத்தோடு எப்படியும் காலம் தள்ளலாம். நம்புகிற ஒருவரிடம் அகப்பட்டால்தான் தப்பமுடியாது என்பதை அன்று அறிந்தேன்.

மெல்ல நழுவிப் படகின் பின்பக்கம் போய்ச் செல்வராசா அண்ணையைப் பிடித்தேன்.

"அண்ணை, என்ர பணிஸ் பையை ஏத்திவிட்டிட்டியள்."

"கைக்கு வந்தது, குடுத்தனான்."

"அதுக்குள்ள கலியாண மோதிரம் இருக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பணிசுக்குள்ள மோதிரத்தை என்னத்துக்கு வைச்சனீங்கள்?"

"மாயம் அண்ணை" என்றேன்.

நல்ல மனிதர், கடைக்காரருக்கு அழைப்பு எடுத்தார். இஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்தினார். "பணிஸ் விக்காதேங்கோ! உள்ளுக்கு மோதிரம் இருக்கு! எழுவைதீவுக் கலியாணத்துக்கு!" அதோடு சிக்னல் போய்விட்டது.

"அவருக்குக் கேட்டதோ அண்ணை?"

"நான் சொன்னனான். கேட்டதோ தெரியேல்லை."

சுருக்கமாச் செய்யுங்கோ

எழுவைதீவில் இறங்கும்போது கதை எனக்கு முன்னால் இறங்கியிருந்தது. யேசுதாசன் அண்ணை காண்கிறவர்களுக்கெல்லாம் சொன்னார். மணப்பெண் என்னைக் கட்டிப்பிடித்து, "ரீச்சர், உங்கட பரிசு கோயில்லயாமே, அப்பா சொன்னவர்" என்றாள். மாப்பிள்ளை என்னை மரியாதையாகவும் கொஞ்சம் பயமாகவும் பார்த்தார். கலியாணப் பூசைக்குச் சற்று முன்னால் பங்குச் சுவாமியாரே என்னிடம் வந்துவிட்டார்.

"பிள்ளை, மோதிரம் மந்திரிக்கிற நேரத்தில செய்யலாம். ஆனா சுருக்கமாச் செய்யவேணும்."

முன் வாங்கில் இருத்தினார்கள். நான் சைவக்காரி. கத்தோலிக்கப் பூசையில் எப்போது எழும்புவது, எப்போது முழந்தாளிடுவது என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத்தான் செய்வேன். அன்று ஒருவரையும் பார்க்கவில்லை. எல்லோரும் இருக்க நான் நின்றேன், எல்லோரும் நிற்க நான் இருந்தேன். எங்கள் வீட்டுப் பிள்ளையாரையும் அங்கே சிலுவையில் இருந்தவரையும் மாறி மாறிக் கும்பிட்டேன். என் விரலில் கிடந்த மோதிரத்தையாவது கழற்றிக் கொடுப்போம் என்று சீலைத் தலைப்புக்குள் வைத்து முறுக்கிப் பார்த்தேன். அதுவும் பிலோமினா அக்காவுடையதைப் போலத்தான்.

சரி, போய் அண்ணையின் காதில் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று எழும்பினேன். யேசுதாசன் அண்ணை அதைக் கண்டார். நேரம் வந்துவிட்டது என்று நினைத்தார். சட்டைப் பையிலிருந்து பெட்டியை எடுத்து, சுவாமியாருக்கு முன்னால் பெருமையோடு திறந்தார். அதில் மகளுடைய மோதிரம் மட்டும் இருந்தது.

கோயில் முழுக்க என்னைப் பார்த்தது.

அண்ணையைப் பார்க்க எனக்குப் பெரிய துக்கமாக இருந்தது. ஊர் முழுக்கக் கூட்டி வைத்து அந்த மனிதரை வெட்கப்படுத்தப் போகிறேனே. "அண்ணை..." என்று தொடங்கினேன்.

வெளியே கரையில் ஒரு சின்னப் படகின் இஞ்சின் சத்தம் கேட்டு நின்றது. சற்று நேரத்தில், முழங்கால் வரை நனைந்த ஒருவர் பின்வாசலில் வந்து நின்றார். நடந்துகொண்டிருந்தது பூசை என்பதால் உள்ளே வரவில்லை. கையில் இருந்த பையைக் கடைசி வாங்கில் இருந்தவரிடம் கொடுத்தார்.

அவர் அதை முன்னுக்குக் கொடுத்தார். முன்னால் இருந்தவர் அதற்கு முன்னுக்குக் கொடுத்தார். யாருடையது, என்னது என்று ஒருவரும் கேட்கவில்லை. இருந்த இடம் கோயில் என்றாலும், கைகள் படகுக் கைகள்தானே. பை வாங்குகளைத் தாண்டித் தாண்டி வந்து, எனக்குப் பின்னால் இருந்த பிலோமினா அக்காவிடம் நின்றது.

அவர் மட்டும் பையைத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு பணிஸ். எடுத்து அடியைப் பார்த்தார், மறுபக்கம் திருப்பினார்.

"இதென்ன, ஆரோ கடிச்சிருக்கினம்!"

கடித்த இடத்தில், பல் அடையாளத்துக்கு நடுவில், மோதிரம் மின்னியது.

"ஐயோ!" என்று தன்னை மறந்து ஒரு குரல் கத்தியது. அது என் குரல்.

சுவாமியார் மோதிரத்தை எடுத்து, பாண் துகளைத் தட்டிவிட்டு, மந்திரித்தார். அவருடைய தோள்கள் குலுங்கியதை நான் கண்டேன்.

கடித்த பணிஸ்

நனைந்து வந்தவர் அனலைதீவுக்காரர். சாப்பாட்டுப் பந்தியில் வைத்து அவரிடம் விசாரித்தேன். தேத்தண்ணிக்கடையில் ஒரு ஐயா பணிசைக் கடித்திருக்கிறார், பல்லில் மோதிரம் தட்டியிருக்கிறது. தொலைபேசியில் கடைக்காரருக்கு எழுவைதீவுக் கலியாணம் என்பது மட்டும்தான் விளங்கியிருக்கிறது. அது போதுமாக இருந்தது.

"மோதிரத்தை ஏன் திரும்பப் பணிசுக்குள்ளயே வைச்சவை?" என்று கேட்டேன்.

"வைச்ச ஆக்கள் அதுக்குள்ளதானே தேடுவினம் எண்டு ஐயா சொன்னவர்."

"அவர் ஆச்சரியப்படேல்லையோ?"

"என்னத்துக்கு? அவற்ர மனுசி இடம்பெயரேக்க சங்கிலியை மாவுக்குள்ள வைச்சவவாம். பல்லுத்தான் கொஞ்சம் ஆடுதாம்."

பிலோமினா அக்கா கையைக் கழுவிக்கொண்டு என்னிடம் வந்தார். பாராட்டப்போகிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன்.

"ரீச்சர், மோதிரம் வந்தது சரி. ஆனா இது கணக்கில்லை. நான் சோதிக்க முதல் வேற ஆரோ சோதிச்சுப்போட்டினம். முழுப் பணிசில திரும்பச் செய்து காட்டவேணும்."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அதுதான் நியாயம் என்று தலையாட்டினார்கள். மாப்பிள்ளை சட்டென்று கையைக் கோட்டுப் பைக்குள் விட்டார்.

யேசுதாசன் அண்ணை அந்தக் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். "பயப்பிடாதையும் தம்பி. ரீச்சர் எடுத்துத் தருவா" என்று சொல்லிக்கொண்டே, சற்று முன்னர் ஏறிய மோதிரத்தைக் கழற்றி என் பக்கம் நீட்டினார். படகில் பார்த்த அதே சிரிப்பு.

நான் என் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.